மூன்று பேர் சம்மதம்

போன வாரம் பார்சலம்மாவைச் சாப்பாட்டு மேசையில், மூன்று படிவங்களுக்கும் ஒரு பேனாவுக்கும் எதிரே உட்கார வைத்துவிட்டு வந்தோம். அந்தப் பேனாவைத் தொடாமல் அவள் எழுந்து போயிருந்தால் இந்த வாரம் சொல்வதற்கு ஒன்றுமே இருந்திருக்காது. எழுந்து போகிறவளா அவள்?

வாரா வாரம் கூட வருகிறவர்களுக்கு இதெல்லாம் அத்துப்படி. இன்றுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பார்சலம்மாவின் மகளுக்கு இருபத்தெட்டு வயது. பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் அறையில் வேலை. மனித உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியைப் பற்றி நாலு வருடம் ஆராய்ச்சி செய்ய ஒரு இடம் இருப்பதாகப் பல்கலைக்கழகம் அறிவித்திருந்தது. கட்டணம் கிடையாது, மாதாமாதம் உதவித்தொகை, முடிவில் முனைவர் பட்டம். ஒரே ஒரு நிபந்தனை, முதுகலை முடித்து ஐந்து வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. மகளுக்கு ஐந்தாவது வருடம் இந்த மாதத்தோடு முடிகிறது. இது கை நழுவினால் அப்புறம் ஆயுசுக்கும் அடுத்தவர் கையைத் தட்டித் தட்டி நரம்பு தேட வேண்டியதுதான்.

நூற்றுப் பத்துப் பேரில் கடைசி இரண்டு பேரில் ஒருத்தியாக வந்துவிட்டாள். கடைசிச் சுற்றுக்குப் பேராசிரியை ஒரு வீட்டுப்பாடம் கொடுத்திருந்தார். ஒரே வீட்டில் எல்லோரையும் பிடிக்கிற ஒரே சளி, ஒருவரை மறுநாளே விட்டுவிடுகிறது; இன்னொருவரை மூன்று வாரம் மூக்கைச் சிந்த வைக்கிறது. அது ஏன் என்பதுதான் ஆராய்ச்சி. அதற்கு ரத்தம் வேண்டும், ரத்தத்துக்குச் சம்மதம் வேண்டும். அதனால் அவரவர் வீட்டிலேயே வயது வந்த மூன்று பேரிடம் புரியும்படி எடுத்துச் சொல்லி, அவரவர் கையாலேயே சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கி அனுப்ப வேண்டும்.

வீட்டில் சரியாக மூன்று பேர் இருந்தார்கள். பார்சலம்மா, லிப்ட் பழுது பார்க்கும் அப்பா, அப்பாவின் அக்காவான அத்தை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் மகள் அரைமணி நேரம் விளக்கினாள். டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்ற அத்தை, வரிக்கு வரி குறுக்கே புகுந்தாள். பார்சலம்மா தட்டுகளை எடுத்துக்கொண்டே பாதிக் காதால் கேட்டாள். லிப்ட்காரர் முழுவதும் கேட்டார், ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து போய்க் கை கழுவினார்.

செவ்வாய்க்கிழமை வரை மூன்று படிவங்களும் கன்னி கழியாமல் மேசையிலேயே கிடந்தன.

இங்கே ஒன்று தெரிய வேண்டும். அந்த வீட்டுக்கு யார் பேரில் என்ன காகிதம் வந்தாலும் கையெழுத்துப் போடுவது பார்சலம்மாதான். லிப்ட்காரர் பாதி நாள் ஏதாவது ஒரு கட்டடத்தின் உச்சியில், கையெல்லாம் கிரீஸோடு தொங்கிக்கொண்டிருப்பார். காகிதம் காத்திருக்குமா? கல்யாணமான வருடமே அவர் கையெழுத்து அவளுக்குப் படிந்துவிட்டது. கடைசியில் ஒரு சுழி சுழித்து, அதன் அடியில் ஒரு கோடு இழுப்பாள். பார்க்க ஏதோ பெரிய அதிகாரி போட்டது மாதிரி இருக்கும். மகளின் பள்ளி அட்டை, சுற்றுலா அனுமதி, கம்பெனிக் காகிதங்கள் எல்லாவற்றிலும் அந்தச் சுழிதான். அத்தை இவர்களோடு வந்து தங்கிய மூன்றாம் மாதம் அத்தையின் கையெழுத்தும் வசப்பட்டது.

இதே பார்சலம்மா, பார்சல் ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்துகொண்டு, புருஷன் பேருக்கு வந்த பெட்டியைப் பெண்டாட்டியிடம் கொடுக்க மாட்டாள். வலது கையில் மாவுக்கட்டோடு வந்த ஒரு மனிதரை இடது கையால் போட வைத்தாள். "சம்பந்தப்பட்டவங்கதான் போடணும்" என்பது அவள் வாயில் நாளைக்கு நாற்பது தடவை வரும் வாசகம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு சட்டம், வீட்டுக்கு ஒரு சட்டம் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. வீட்டில் இருப்பவர்கள் எல்லோருமே அவளுக்குச் சம்பந்தப்பட்டவர்கள்தானே?

ஆகவே செவ்வாய்க்கிழமை, மூன்று படிவத்திலும் மூன்று விதமான பேனாவால் போட்டு முடித்தாள். புதன்கிழமை ஆபீஸில் இருப்பதிலேயே நல்ல உறையாகப் பார்த்து எடுத்து, ஒட்டி, முத்திரை குத்தி, முதல் வண்டியிலேயே அனுப்பினாள். எல்லோரும் போட்டாயிற்று என்று மகளிடம் சொன்னாள். மகள் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அந்தச் சந்தோஷத்தோடு வந்தது வியாழக்கிழமை. மூன்று மணிக்கு நேர்காணல்.

காலை பத்து நாற்பதுக்கு லிப்ட்காரர் ஃபோன் செய்தார். வேலை நேரத்தில் ஃபோன் செய்கிற மனிதரே இல்லை அவர்.

"ஏம்மா, என் ரத்தத்த யாருக்காவது குடுக்கறதாச் சொல்லியிருக்கேனா?"

பார்சலம்மாவின் கையிலிருந்த முத்திரைக்கட்டை அப்படியே அந்தரத்தில் நின்றது.

விஷயம் இதுதான். ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து ஒரு பெண் அவரைக் கூப்பிட்டிருக்கிறாள். கையெழுத்துப் போட்டவர்களில் யாராவது ஒருவரைக் கூப்பிட்டு, புரிந்துதான் போட்டாரா என்று கேட்பது அவர்கள் வழக்கமாம். அவர் அப்போது ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவில், லிப்ட் கூண்டின் தலைமேல் நின்றுகொண்டிருந்தார். நீங்கள் எப்போது வேண்டுமானாலும் இதிலிருந்து விலகிக்கொள்ளலாம், அது தெரியுமா என்று அந்தப் பெண் மிக மரியாதையாகக் கேட்டிருக்கிறாள். விலகுவதற்கு நான் எப்போதுங்க சேர்ந்தேன் என்று இவர் கேட்டிருக்கிறார். அவள் படிவத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். இவர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு பார்த்திருக்கிறார்.

"அப்புறம் என்ன சொன்னீங்க?"

"என் கையெழுத்துதாங்க, ஆனா நான் போடலன்னு சொன்னேன்."

"அப்படியேவா சொன்னீங்க?"

"வேற எப்படிச் சொல்றது? அவ்வளவு அழகா எனக்குப் போட வராதே."

ஜன்னலுக்கு வெளியே ஒன்பது பேர் நின்றார்கள். லிப்ட்காரரே வழியும் சொன்னார். திரும்பக் கூப்பிட்டு, நான்தான் போட்டேன், மறந்துபோய்விட்டேன் என்று சொல்லிவிடட்டுமா, வயசாச்சு என்று நம்பிவிடுவார்கள் என்றார். அவளுக்கு அது நல்ல வழியாகத்தான் பட்டது. சரி என்று சொல்ல வாயெடுத்தாள். வாய் வேறு ஒன்றைக் கேட்டது.

"அப்படிச் சொன்னா ரத்தம் எடுக்க வரச் சொல்லுவாங்களே. குடுப்பீங்களா?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ஒரு லிப்ட் கதவு திறந்து மூடுகிற ஓசை மட்டும் கேட்டது.

இந்த மௌனம் அவளுக்குப் புதிதா என்ன? முப்பத்தொரு வருடமாகக் கேட்டுப் பழகியது. சோபாவை இந்தச் சுவரில் போடலாமா, உங்கள் அக்காவை நம்மோடு வைத்துக்கொள்ளலாமா, எதைக் கேட்டாலும் இப்படித்தான் சும்மா இருப்பார். அவள் சரி என்று எடுத்துக்கொண்டு காரியத்தை முடிப்பாள். இன்று ஃபோனில் முகம் தெரியவில்லை. அதனாலோ என்னவோ, அந்த மௌனத்துக்குள் இருந்த "வேண்டாம்" அவளுக்கு முதல் தடவையாகக் காதில் விழுந்தது.

"ஒண்ணும் சொல்லாதீங்க. நான் பாத்துக்கறேன்," என்று வைத்தாள்.

அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

வேலை நேரத்தில் மகள் ஃபோனைத் தொட மாட்டாள். ரத்தம் எடுக்கும் அறைக்குள் சும்மா நுழையவும் விட மாட்டார்கள். வாசலில் இருந்தவர் டோக்கன் இல்லாமல் உள்ளே போகக் கூடாது என்றார். தாயாக இருந்தாலுமா என்று பார்சலம்மா கேட்டாள். எல்லோரும் யாருக்காவது தாய்தான் என்றார் அவர். ஜன்னலுக்கு வெளியே நிற்பது எப்படி இருக்கும் என்று இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாகத் தெரிந்துகொண்டு, நாற்பத்தாறாம் எண்ணை வாங்கி உட்கார்ந்தாள். முப்பத்தெட்டு போய்க்கொண்டிருந்தது.

நாற்பத்தாறு என்றதும் போய் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாள். மகள் நிமிர்ந்து பார்க்காமலே ரப்பர் பட்டையைக் கட்டி, முழங்கை மடிப்பில் இரண்டு தட்டுத் தட்டி, அப்புறம்தான் அந்தக் கையை அடையாளம் கண்டாள்.

"அம்மா? என்ன ஆச்சு? சர்க்கரையா?"

"இல்ல கண்ணு. கையெழுத்து."

கட்டின பட்டை கட்டினபடி இருக்க, எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். மகள் கத்தவில்லை. கத்தியிருந்தால் பார்சலம்மாவுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். பக்கத்து நாற்காலியில் ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்த பெரியவர் தன் வலியை மறந்து இவர்கள் பக்கம் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"அத்தையோடதும் நீதானா?"

"அவங்களோடது கடைசி எழுத்து நடுங்கணும். நல்லாவே வந்துது."

"நல்லா வந்துதான்னு நான் கேக்கலம்மா."

"தெரியும்."

"உன்னோடதாவது நீ போட்டியா?"

"பின்ன? என்னோடத நான்தான் போட்டேன்."

"படிச்சுட்டா?"

பார்சலம்மா குனிந்து தன் கையைப் பார்த்தாள். விரல்கள் நீலம் பாய ஆரம்பித்திருந்தன. மகள் பட்டையை அவிழ்த்துவிட்டாள். கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம். தன் பையைத் திறந்து, உபரியாக வைத்திருந்த, கையெழுத்தில்லாத மூன்று படிவங்களை எடுத்தாள். ஒன்றைத் தாயின் மடியில் வைத்தாள்.

"வெளிய பெஞ்சுல உக்காந்து முழுசாப் படி. இஷ்டமிருந்தா போடு, இல்லன்னா வேண்டாம். நான் இங்க லீவு சொல்லிட்டு வந்துடறேன்."

பார்சலம்மா படித்தாள். எட்டுத் தேக்கரண்டி அளவு ரத்தம். அதில் இருக்கிற வெள்ளை அணுக்களைப் பிரித்து, உயிரோடு உறைய வைப்பார்களாம். பழைய சளிகளை அவற்றில் எது ஞாபகம் வைத்திருக்கிறது, எது மறந்துவிட்டது என்று பார்ப்பார்களாம். அது பரவாயில்லை. எந்த நேரத்திலும், காரணம் எதுவும் சொல்லாமல் நீங்கள் விலகிக்கொள்ளலாம் என்று ஒரு வரி இருந்தது. அதை மூன்று தடவை படித்தாள். காரணம் சொல்லாமல் விலகுவது என்ற ஒன்று அவள் வீட்டில் இதுவரை நடந்ததில்லை. காரணத்தை அவளே சொல்லிவிடுவாள்.

ஒன்பதாவது கேள்வியில்தான் பேனா நின்றது. ஆராய்ச்சியின்போது உங்கள் ரத்தத்தில் வேறு ஏதாவது கோளாறு தெரியவந்தால் உங்களுக்குச் சொல்லலாமா? செவ்வாய்க்கிழமை மூன்று படிவத்திலும் "சொல்லலாம்" என்று சரசரவென்று குறி போட்டவள், இப்போது பத்து நிமிடம் அந்தக் கட்டத்தையே பார்த்தாள். கடைசியில் "சொல்லலாம்" என்பதில் குறி போட்டு, பக்கத்தில் குட்டியாக "எனக்கு மட்டும்" என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

வாடகைக் காரில் வீட்டுக்குப் பறந்தார்கள். அத்தை மத்தியானத் தூக்கத்துக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தாள். விஷயத்தை, நடுங்கின கடைசி எழுத்து வரை, கேட்டதும் மறுபடி மாட்டிக்கொண்டாள். கையெழுத்தைத் திருடினது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. ஒன்பதாவது கேள்விக்குத் தன் பேரில் போன பதில்தான் அவளைக் கொதிக்க வைத்தது.

"எனக்கு என்னென்ன வியாதி இருக்குன்னு எனக்கே தெரியாது. இந்த வயசுல எனக்கு இருக்கற ஒரே சுகம் அதுதான். அதையும் தூக்கிக் குடுத்துட்டியா?"

"தப்புதான் அண்ணி."

"அது சரி, கடைசி எழுத்து நடுங்கணும்னு யார் சொன்னா? எனக்கு எங்க நடுங்குது?"

அத்தை புதுப் படிவத்தை வாங்கி, வரிக்கு வரி கேள்வி கேட்டு மகளை வறுத்தெடுத்து, ஒன்பதாவதில் "வேண்டாம்" என்று அழுத்திக் குறி போட்டு, டெலிபோன் கம்பி மாதிரி நேராக ஒரு கையெழுத்துப் போட்டாள். அப்புறம்தான் பார்சலம்மாவுக்கு ஞாபகம் வந்தது. அத்தைக்குக் கடுங்காய்ச்சல் அடித்த ஒரு நாள் போட்ட கையெழுத்தைப் பார்த்துத்தான் அவள் பழகியிருந்தாள். நாலு வருடமாக அத்தை எல்லாக் காகிதங்களிலும் காய்ச்சலோடேயே இருந்திருக்கிறாள்.

இரண்டு ஆயிற்று. மூன்றாவது ஆள் பதினாலு மாடிக் கட்டடத்தில் இருந்தார். லிப்ட் நின்றுபோய் எட்டாவது மாடியில் ஜனங்கள் காத்திருக்க, அவரை இறக்க முடியாது. மணி இரண்டேகால். பல்கலைக்கழகம் போகிற வழியில், காரிலிருந்தே மகள் அவரைக் கூப்பிட்டு, பேச்சு எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

ரத்தம் எவ்வளவு, எதற்கு, எங்கே வைப்பார்கள், எல்லாவற்றையும் ஞாயிற்றுக்கிழமை சொன்னதையே மறுபடி பொறுமையாகச் சொன்னாள். பிறகு கேட்டாள்.

"அப்பா, உங்களுக்கு இஷ்டமா, இல்லையா? எதுன்னாலும் எனக்குச் சரிதான்."

மௌனம்.

முதல் சிக்னல் சிவப்பு. பார்சலம்மாவுக்கு நாக்கு அரித்தது. அவர் சொல்ல வேண்டியதைத் தானே சொல்லிவிட்டால் நாலு நொடியில் முடிந்துவிடும். மகள் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள். பார்சலம்மா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். பச்சை விழுந்தது, வண்டி நகர்ந்தது, இரண்டாவது சிக்னலும் போயிற்று. டிரைவர் கூட வண்டியின் வேகத்தைக் குறைத்துவிட்டார். அவருக்கும் பதில் தெரிய வேண்டியிருந்தது.

மூன்றாவது சிக்னலில் வந்தது பதில்.

"மாட்டேன்மா. ஊசின்னாலே எனக்கு... இல்லம்மா, மாட்டேன்."

"சரிப்பா," என்றாள் மகள். குரலில் ஒரு வாட்டமும் இல்லை. மூன்றாவது படிவத்தை முழங்காலில் வைத்து, "விளக்கினேன். விருப்பமில்லை என்றார்" என்று எழுதி, நேரமும் குறித்தாள்.

பார்சலம்மா படிவங்களை எண்ணிப் பார்த்தாள். இரண்டுதான் இருக்கிறது, மூன்று கேட்டார்களே என்று முணுமுணுத்தாள். கேட்டுப் பார்ப்பதுதானே என் வேலை என்று மகள் சொன்னாள். டிரைவர் அது நியாயம்தான் என்று தலையாட்டினார்.

பேராசிரியையின் அறை மூன்றாவது மாடியில். கதவில் பாதி கண்ணாடி. பார்சலம்மா வெளியே பெஞ்சில் உட்காருவதாகத்தான் பேச்சு. ஆனால் உள்ளே போன மகள், நடந்ததை ஒன்று விடாமல் சொல்வது கண்ணாடி வழியே கையசைப்பிலேயே புரிந்தது. ஒரு கட்டத்தில் மகளின் கை காற்றில் ஒரு சுழி சுழித்து அடியில் ஒரு கோடு இழுத்தது. பார்சலம்மா கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது அவளையும் உள்ளே கூப்பிட்டார்கள்.

நோய் எதிர்ப்புச் சக்தியில் இருபது வருடம் ஊறிய அந்தப் பேராசிரியைக்கு அன்று பலமான ஜலதோஷம். மேசையில் கசக்கிப் போட்ட காகிதக் கைக்குட்டைகள் ஒரு குன்றாக நின்றன. செவ்வாய்க்கிழமைப் படிவங்களை வரிசையாக வைத்துக்கொண்டு பார்சலம்மாவைப் பார்த்தார்.

"இந்த மூணுல உங்க சொந்தக் கையெழுத்து எதும்மா?"

"மூணுல எது சுமாரா இருக்கோ, அது."

பேராசிரியை எதையோ சொல்ல வந்து தும்மிவிட்டார். தும்மி முடித்து, இதை மூடி மறைக்க முடியாது, நடந்தது நடந்தபடி கோப்பில் ஏறும், நீங்கள்தான் போட்டீர்கள் என்று உங்கள் கைப்பட எழுதித் தர வேண்டும் என்றார். பார்சலம்மா அங்கேயே நின்றபடி ஒரு பக்கம் எழுதினாள். நாற்பது வார்த்தையில் முடிய வேண்டியதை, மகளுக்கு இதில் துளிக்கூடச் சம்பந்தமில்லை என்று நாலு இடத்தில் எழுதிப் பக்கத்தை நிரப்பினாள்.

அதற்குள் பேராசிரியை மகள் பக்கம் திரும்பியிருந்தார். உங்கள் வீட்டில் யாருக்குச் சளி சீக்கிரம் போகும் என்று கேட்டார். அப்பாவுக்கு, மறுநாளே போய்விடும் என்றாள் மகள். அம்மாவுக்கு? மூன்று வாரம்.

"அப்ப உங்க வீட்டுலயே நமக்கு ரொம்ப வேண்டிய ரத்தம் உங்கப்பாவோடது. அவர் மாட்டேன்னதும் சரின்னு விட்டுட்டீங்களா?"

பார்சலம்மாவின் பேனா நின்றுவிட்டது. மகள் உடனே பதில் சொல்லவில்லை. அப்பாவின் மகள் அல்லவா.

"விட்டுட்டேன் மேடம். மறுநாளே சளி போற ஆளு ஊர்ல எங்கப்பா ஒருத்தர் மட்டும் இல்ல. சரின்னு சொல்ற ஒருத்தரத் தேடிக் கண்டுபிடிக்கணும். நேரம் ஆகும், அவ்வளவுதான்."

இன்னொரு விண்ணப்பக்காரர் மூன்றுக்கு மூன்றும் சம்மதம் கொண்டுவந்திருக்கிறார் தெரியுமா என்றார் பேராசிரியை. தெரியாது என்றாள் மகள். அம்மா வெளியே இருக்கட்டும் என்றார் அவர். கதவு மூடியது.

இருபத்தைந்து நிமிடம். அந்த இருபத்தைந்து நிமிடத்தில் பார்சலம்மா தன் வாழ்க்கையில் யார் யாருக்காக எங்கெங்கே கையெழுத்துப் போட்டாள் என்று எண்ணிப் பார்க்க ஆரம்பித்து, பாதியில் பயந்துபோய் நிறுத்தினாள்.

மகள் வெளியே வந்தாள். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. படியிறங்கி, வாசல் தாண்டி, பஸ் நிறுத்தம் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. பார்சலம்மாவும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"கிடைச்சுடுச்சும்மா," என்றாள் மகள், பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டே. "திங்கக்கிழமை எழுத்துல வரும்."

பார்சலம்மா நிறுத்தத்தின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்ததில் விக்கல்தான் வந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"ஒரே ஒரு விஷயம்," என்றாள் மகள். ஆராய்ச்சிக்கான நோயாளிகளும், ரத்தத்தை உறைய வைக்கும் பெட்டிகளும் பல்கலைக்கழகத்தின் இன்னொரு ஆஸ்பத்திரியில் இருக்கின்றன. ரயிலில் ஒன்பது மணி நேரம். முதல் இரண்டு வருடம் அங்கேதான் இருக்க வேண்டும். அடுத்த மாதம் முதல் தேதியே போய்ச் சேர வேண்டும்.

"வீட்டுல கேட்டுச் சொல்றீங்களான்னு மேடம் கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"கேக்க வேண்டாம், வர்றேன்னுட்டேன்."

விக்கல் நின்றுவிட்டது. அடுத்த மாதம் முதல் தேதிக்குப் பத்தொன்பது நாள்தான் இருந்தது. எங்கே தங்குவாள், யார் எழுப்புவார்கள், அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளுமா என்று ஒரு படையே பார்சலம்மாவின் தொண்டை வரை வந்து நின்றது. முழுங்கினாள்.

அப்போது ஃபோன் அடித்தது. லிப்ட்காரர். எடுத்ததும் என்ன ஆச்சு என்றார். கிடைத்துவிட்டது என்று சொல்ல உதடு பிரிந்தது. அதைச் சொல்ல வேண்டியவள் ஒரு முழ தூரத்தில்தான் நின்றாள். பார்சலம்மா ஃபோனை அவளிடம் நீட்டினாள்.

மகள் நாலடி தள்ளிப் போய்ப் பேசினாள். ஒரு பஸ் வந்து போனது. மகள் சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்தி வெகு நேரம் கேட்டாள், பிறகு திரும்பித் தாயை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஃபோனைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அப்பா உங்கிட்டப் பேசணுமாம்."

"என்னங்க?"

"நானும் அவகூடப் போறேன்," என்றார் லிப்ட்காரர்.

பார்சலம்மாவுக்குக் காதில் விழுந்தது நெஞ்சுக்கு வந்து சேரச் சற்று நேரம் பிடித்தது. "எங்க போறீங்க?"

"அந்த ஊருக்குத்தான். அங்க எங்க கம்பெனிக்கு ஆள் போதல. மாற்றல் வேணுமான்னு கேட்டு வருஷா வருஷம் காகிதம் வருது. போன மூணு தடவையும் விருப்பமில்லைன்னு என் பேர்ல நீதான் போட்டு அனுப்பிட்ட."

"நீங்க ஒண்ணுமே சொல்லலையே."

"நீ கேக்கலையே." கோபமே இல்லாத குரல். சொல்லப்போனால் கொஞ்சம் உற்சாகமாகக்கூட இருந்தது. ஒரே நாளில் இரண்டாவது தடவையாகத் தன் மனதில் இருப்பதைச் சொல்கிற மனிதரின் உற்சாகம். "இந்த வருஷக் காகிதம் என் சட்டைப் பையிலதான் இருக்கு. இந்தத் தடவை நானே போட்டு, காலையில நானே கொண்டுபோய்க் குடுக்கறேன்."

பார்சலம்மா ஃபோனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஒரே ஒரு சிக்கல்," என்றார் அவர். "ஆபீஸ் கோப்பு பூராவும் நீ போட்ட கையெழுத்துதான் இருக்கு. நான் என்னோடதைப் போட்டா வேற யாரோ போட்டதுன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. கொஞ்சம் சீக்கிரமா வீட்டுக்கு வா. அந்தக் கடைசிச் சுழிய எந்தப் பக்கத்துலேருந்து ஆரம்பிக்கறேன்னு மட்டும் எனக்குச் சொல்லிக் குடு."